ஆள் காட்டும் தொழில்



"எங்க பையனுடைய பயோடேட்டாவை உங்க ஆபீசில் கொடுத்து மூணு மாசம் ஆச்சு சார். அதை வெச்சுக்கிட்டு நீங்க என்னதான் செய்யறீங்க?" என்று நம் கூட்டங்களுக்கு வரும் பெற்றோர் சிலர் என்னிடம் உரிமையோடு கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வேலைக்கு ஆள் சேர்த்துத் தரும் அலுவலகங்கள் பெங்களூரில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் சந்தேகம் வளர்வது இயற்கை. எனவே, நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் இந்தத் தொழிலின் ஒரு பகுதியை மட்டும் இங்கே விளக்க முயல்கிறேன்.

இத்தொழிலுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு நிறுவனம், "எங்களுக்கு இப்படிப்பட்ட ஆள் வேண்டும்" என்று கேட்க, நாங்கள் தேடிக் கொடுப்பது முதல் பக்கம். இது எல்லாருக்கும் தெரிந்தது. நம்மிடம் ஒரு நல்ல ஆள் இருக்கிறார், யாரும் கேட்கவில்லை. அவருக்காக நாமே நிறுவனங்களின் கதவைத் தட்டுவது இரண்டாவது பக்கம். அதிகம் வெளியில் தெரியாத இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஊரில் சில பெரியவர்கள் என்னை வேடிக்கையாக 'ஆள்காட்டி' என்று அழைப்பார்கள். ஆள் காட்டுவதுதானே தொழில்! எனக்கு அந்தப் பெயரில் வருத்தமில்லை.

எங்கள் ஊர்

எனக்குச் சொந்த ஊர் சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லி. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் வரும் ரயில் பாதையில் மல்லானூர், குப்பம், குடுபல்லி, பிசாநத்தம் என்று வரிசையாக ஆந்திரத்தில் நிற்கும் சிறு நிலையங்களில் ஒன்று. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகம். பிள்ளைகள் வீட்டில் தமிழும், பள்ளியில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும் பேசி வளர்வார்கள். 1864இல் திறக்கப்பட்ட இந்த ரயில் பாதைதான் இன்றும் எங்கள் பக்கத்து இளைஞர்களுக்குப் பிழைப்பு வழி. விடியுமுன் ரயிலேறி, சுமார் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டிய பின் வீடு திரும்புவோர் ஏராளம்.

ஒரு காலத்தில் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே கோலார் தங்கவயல் இருந்தது. எங்கள் மண்டலத்திலேயே சிகுருகுண்டா, பிசாநத்தம் என்ற இடங்களில் அந்த நிறுவனத்தின் சுரங்கங்கள் இயங்கின. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை செய்தன. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பூமிக்கடியில் பாறை உடைக்கவும், பம்பு ஓட்டவும், கம்பிக்கயிறு சரிபார்க்கவும் தெரிந்த கைகளுக்கு வெளியே என்ன பெயர், என்ன விலை என்று சொல்லத் தெரிந்தவர் அன்று அதிகம் இல்லை. திறமை இருந்தது, அதை அறிமுகம் செய்ய ஆள் இல்லை. இந்தத் தொழிலின் தேவை எனக்குப் புரிந்தது அங்கேதான்.

கங்காணி முதல் கம்பெனி வரை

ஆள் சேர்ப்பது தமிழருக்குப் புதிய தொழில் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர்த் தோட்டத்துக்கும் நம் மக்களைக் கூட்டிப் போனவர் கங்காணி. வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு ஆளின் பேரிலும் அவருக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கழுத்தில் கடனாக ஏறியது. இலங்கையில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. கடனை யார் அடைக்கிறாரோ அவரிடம் ஆளை அனுப்பலாம் என்று துரை எழுதிக் கொடுப்பது. அதாவது ஆளோடு கடனும் கைமாறும். 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் நிறுத்தப்பட்டது. மலேயாவுக்குக் கங்காணி மூலம் ஆள் அனுப்புவது 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுக்கு வந்தது. நம் வாசகர்களில் பலருடைய தாத்தா பாட்டி கதையில் ஒரு கங்காணி இருப்பார்.

இன்று நாம் காணும் முறை வேறு வழியாக வந்தது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் 1946இல் கெல்லி என்பவர் தட்டச்சு வேலை செய்து கொடுக்கும் அலுவலகம் தொடங்கினார். வேலையை அனுப்புவதற்குப் பதில், வேலை செய்பவரையே எங்கள் ஆபீசுக்கு அனுப்புங்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்க, அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. 1948இல் மில்வாக்கியில் எல்மர் வின்டர், ஆரன் ஷைன்ஃபெல்டு என்ற இரண்டு வக்கீல்கள், கோர்ட்டில் அவசரமாகத் தாக்கல் செய்யவேண்டிய மனுவைத் தட்டச்சு செய்ய ஆள் கிடைக்காமல் அவதிப்பட்டு, இப்படித் தவிப்பவர் நம்மைப்போல் பலர் இருப்பார்களே என்று 'மேன்பவர்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

சென்னையில் 1992இல் க. பாண்டியராஜன் தொடங்கிய 'மா ஃபா' நிறுவனம் இத்துறையில் தமிழருடைய பெயரை நிலைநாட்டியது. பிரெஞ்சு மொழியில் 'என் நம்பிக்கை' என்பது அதன் பொருள். 2004இல் வீடியோர் என்ற டச்சு நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது. 2008இல் வீடியோரே ராண்ட்ஸ்டாடுடன் இணைந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டீம்லீஸ் 2002இல் தொடங்கப்பட்டது. எங்களுடையது இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத சிறிய அலுவலகம். ஆனால் செய்முறை ஒன்றுதான்.

முதலில் ஆளை அறிதல்

கையில் இருக்கும் பயோடேட்டாக்களை எல்லாம் மொத்தமாக அள்ளி ஐம்பது நிறுவனங்களுக்கு அனுப்பி வைப்பது அறிமுகம் ஆகாது. அப்படி வரும் கட்டை எந்த மானேஜரும் படிப்பதில்லை. இரண்டாம் முறை நம் பெயரைப் பார்த்தாலே ஒதுக்கிவிடுவார். ஆகவே ஒரு நேரத்தில் ஒருவரை, அல்லது ஒரே வேலை தெரிந்த இரண்டு மூன்று பேரைத்தான் எடுத்துக்கொள்வேன்.

யாரை எடுப்பது? மிகவும் படித்தவரை என்று நினைக்க வேண்டாம். உடனே வேலையில் சேரக்கூடியவர், என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருப்பவர், கேட்கும் சம்பளம் சந்தை நிலவரத்துக்கு ஒத்துவருபவர், செய்த வேலைக்குச் சாட்சி சொல்ல ஒரு பழைய மேலதிகாரி இருப்பவர். இந்த நான்கும் பொருந்தினால் அவரை நம்பிக் கதவைத் தட்டலாம்.

அதற்குமுன் அவரோடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசவேண்டும். பயோடேட்டாவில் இல்லாதவைதான் முக்கியம். கடைசி வேலையை ஏன் விட்டார்? எத்தனை மணிக்கு ரயில்? இரவு ஷிஃப்ட் முடியுமா? வீட்டில் யாருக்காவது உடல்நிலை சரியில்லையா? வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறார்? நமக்கு முன்பே வேறொரு ஏஜென்சி இவர் பெயரை அதே நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தால், யார் அனுப்பிய ஆள் என்று இரண்டு ஏஜென்சிகளும் சண்டை போட, நிறுவனம் நமக்கு ஏன் வம்பு என்று ஆளையே விட்டுவிடும். நஷ்டம் பாவம் வேலை தேடுபவருக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய சம்மதம் வேண்டும். "உங்களைப் பற்றி இன்னின்ன நிறுவனங்களில் பேசப்போகிறேன், சரிதானா?" என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். தற்போது வேலையில் இருப்பவராக இருந்தால், அவருடைய மேலதிகாரி காதுக்குச் செய்தி போய் உள்ள வேலையும் போய்விடும் ஆபத்து உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாக வைத்திருக்கிறது.

ஓர் உதாரணம்

விளக்கம் எளிதாக இருக்க ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எங்கள் மண்டலத்தைச் சேர்ந்த பெண். இருபத்தாறு வயது. பி.காம். படித்தவர். ஊர்ப்பக்கம் ஒரு மருத்துவமனையில் பில் போடும் பிரிவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, குழந்தை பிறந்ததும் விட்டவர். கணவருக்கு விபத்தில் காலில் அடிபட்டு வருமானம் நின்றுவிட்டது. வேலை அவசியம். ஆனால் இரவு ஷிஃப்ட் முடியாது, மாலை ரயிலைப் பிடிக்கவேண்டும்.

அவர் கொண்டுவந்த பயோடேட்டா வழக்கமானதுதான். தந்தை பெயர், பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு மதிப்பெண், 'கடின உழைப்பாளி', 'குழுவாக வேலை செய்யும் மனப்பான்மை உடையவர்', பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. மூன்று ஆண்டு வேலை ஒரே வரியில்: 'பில்லிங் பிரிவில் பணி'. அவ்வளவுதான்.

நான் கேட்டேன், "ஒரு நாளைக்கு எத்தனை பில் போடுவீங்கம்மா?"

"புறநோயாளிகள் கூட்டத்தைப் பொறுத்துண்ணா. நூறு, நூத்தி இருபது வரும்."

"இன்ஷூரன்ஸ் கேஸ்?"

"அதுவும் நான்தான் பார்த்தேன். முன் அனுமதி வாங்கறது, டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கணக்கு முடிக்கறது ரெண்டும்."

"கணக்கு இடிச்சிருக்கா?"

"சாயங்காலம் கேஷ் ஒப்படைக்கும்போது ஒரு நாளும் குறைஞ்சதில்லைண்ணா. அங்க இருந்த அக்கவுண்டன்டைக் கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். வருகிறவர் எந்த மொழி பேசினாலும் அவரிடமே அனுப்புவோம் என்று அந்த அக்கவுண்டன்ட் தானாகவே சொன்னார். இதுதான் விற்பனைக்குரிய சரக்கு. ஆனால் இது அந்தப் பெண்ணின் பயோடேட்டாவில் எங்கும் இல்லை! மூன்று மொழி பேசுவது எங்கள் ஊரில் மூச்சு விடுவதுபோல, அதை யாரும் ஒரு தகுதியாக எழுதுவதில்லை.

யாரிடம் போவது?

அடுத்தது, இந்தத் திறமை யாருக்குத் தேவை என்று யோசிப்பது. சித்தூர், வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து நோயாளிகள் வரும் பெங்களூர் மருத்துவமனைகளுக்கு இது தேவை. ரயிலை மனத்தில் வைத்துப் பார்த்தால் ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம், கண்டோன்மென்ட் நிலையங்களுக்கு அருகில் இருப்பவையாக இருக்கவேண்டும். இப்படி வடிகட்டியதில் ஐந்து இடங்கள் தேறின. ஐந்து போதும்.

பொதுவாக நான் பார்ப்பவை இவை. சமீபத்தில் அதே வேலைக்கு விளம்பரம் செய்த நிறுவனம். புதிதாகக் கிளை திறக்கும் நிறுவனம். நாம் முன்பு ஆள் கொடுத்து அவர் நன்றாக வேலை செய்கிற நிறுவனம். வேலை தேடுபவர் முன்பு இருந்த நிறுவனத்தைப் போன்ற தொழில் செய்யும் நிறுவனம். ஓசூர்த் தொழிற்சாலைக்கு ஃபிட்டரை அறிமுகம் செய்வதானால், அவர் ஓட்டிய இயந்திரத்தின் மாதிரியே அங்கு இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பேன்.

யாரைச் சந்திப்பது என்பதும் முக்கியம். பணியாளர் துறையில், "இப்போது காலியிடம் இல்லை" என்பார்கள். அவர்கள் கையில் இருப்பது அனுமதிக்கப்பட்ட இடங்களின் பட்டியல். ஆள் பற்றாக்குறையின் கஷ்டத்தை நேரில் அனுபவிப்பவர் அந்தப் பிரிவின் தலைவர். பில்லிங் கவுண்டரில் வரிசை நீள்வதற்குத் திட்டு வாங்குபவர் அவர்தானே! முதலில் அவரிடம் பேசி, பிறகு பணியாளர் துறைக்கு முறைப்படி தெரிவிப்பேன். அவர்களைத் தாண்டிப் போனதாக வருத்தம் வரக்கூடாது.

அரைப் பக்கக் குறிப்பு

நிறுவனத்துக்கு முதலில் பயோடேட்டா அனுப்புவதில்லை. பெயரும் முகவரியும் இல்லாத அரைப் பக்கக் குறிப்பு ஒன்றுதான் போகும். அந்தப் பெண்ணுக்காக நான் எழுதிய குறிப்பின் சாரம் இது:

'மருத்துவமனை பில்லிங்கில் 3 ஆண்டு அனுபவம். நாளொன்றுக்கு 100 முதல் 120 பில்கள். இன்ஷூரன்ஸ் முன் அனுமதி, இறுதிக் கணக்கு இரண்டும் தனியாகச் செய்தவர். மாலைக் கணக்கில் குறை வந்ததில்லை என்று முன்னாள் மேலதிகாரி உறுதி கூறுகிறார். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றிலும் நோயாளிகளுடன் சரளமாகப் பேசுவார். குழந்தைக்காக இரண்டு ஆண்டு இடைவெளி. பகல் ஷிஃப்ட் மட்டும். ஒரு வாரத்தில் சேர முடியும். எதிர்பார்க்கும் சம்பளம் இவ்வளவு.'

கவனியுங்கள். புகழுரை ஒன்றும் இல்லை. எண்ணிக்கை இருக்கிறது, சாட்சி இருக்கிறது. இரண்டு ஆண்டு இடைவெளியையும், இரவு ஷிஃப்ட் முடியாது என்பதையும் மறைக்கவில்லை. மறைத்தால் நேர்முகத் தேர்வில் வெளிவரும். அப்போது அந்தப் பெண்ணுக்கும் அவமானம், எனக்கும் அவமானம். முன்னாலேயே சொல்லிவிட்டால், அதற்கு ஒத்துக்கொள்கிறவர் மட்டுமே கூப்பிடுவார். கணவரின் விபத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அது அவருடைய குடும்ப விஷயம். இரக்கத்தின் பேரில் கிடைக்கும் வேலையில் சம்பளமும் இரக்கத்தின் அளவுக்குத்தான் இருக்கும்.

தொலைபேசியில் பேசுவது

குறிப்பை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். அன்றோ மறுநாளோ பேசவேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடாது. "சார், ஏதாவது வேகன்சி இருக்கா?" என்று தொடங்கினால், "இல்லை" என்று முடிந்துவிடும். நான் தொடங்குவது இப்படி: "சார், உங்க கவுண்டருக்கு ஆந்திரா, தமிழ்நாட்டு நோயாளிகள் எவ்வளவு பேர் வர்றாங்க? அவங்களோட பேசறதுக்கு இப்ப என்ன ஏற்பாடு வெச்சிருக்கீங்க?" அவர் தன் சிரமத்தைச் சொல்லத் தொடங்குவார். அதன்பிறகு ஆளைப் பற்றிச் சொன்னால் காதில் ஏறும்.

முதல் மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் கட்டாயம் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டேன். இரண்டாவது இடத்தில் ஆள் தேவையில்லை. "அப்படியானால் தேவைப்படக்கூடியவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டேன். இந்த ஒரு கேள்வியை விடவே கூடாது. அவர் சொன்ன பெயர்தான் என் பட்டியலில் நான்காவதாக இருந்த மருத்துவமனையின் பில்லிங் தலைவர். இன்னார் சொன்னார் என்று பேசியதும் நேர்முகத்துக்கு நாள் கொடுத்துவிட்டார். காலை எட்டு முதல் மாலை நான்கு வரை என்ற ஷிஃப்டில் அந்தப் பெண் சேர்ந்தார். அதோடு என் வேலை முடியவில்லை. முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம் என்று இரு தரப்பிடமும் பேசினேன். ஆறு மாதம் கழித்து அந்தத் தலைவரே, "அதே மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களா?" என்று கேட்டார். கேட்காத கதவைத் தட்டப்போய், கேட்கும் வாடிக்கையாளர் கிடைத்தார்.

பணம் யார் தருவது?

இதில் நம் குடும்பங்களுக்குத் தெளிவு வேண்டும். நிரந்தர வேலைக்கு ஆள் கொடுத்தால் நிறுவனம் எங்களுக்குக் கட்டணம் தரும். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பரவலாக உள்ள ஒரு கணக்கு. குறிப்பிட்ட காலத்துக்குள் ஆள் விட்டுவிட்டால் வேறு ஆள் தரவேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். வேலை தேடுபவரிடம் நாங்கள் ஒரு பைசாவும் வாங்குவதில்லை.

ஒப்பந்த முறையில் வேலை என்றால், ஆள் எங்கள் பேரேட்டில் இருப்பார், வேலை செய்வது வாடிக்கையாளரிடம். கணக்கு எளிதாக இருக்க, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி தரப்பு பி.எஃப். 12 சதவீதமும் அதைச் சேர்ந்த இன்ஷூரன்ஸ், நிர்வாகச் செலவு 1 சதவீதமும் சேர்த்து 1,950. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 488. ஆக 17,438. எங்கள் சேவைக் கட்டணம் 900 என்று கொண்டால் 18,338. இதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 3,301. மொத்தம் 21,639 ரூபாய்க்கு நாங்கள் பில் போடவேண்டும். தொழிலாளியின் பங்காக பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 113 பிடித்தது போக அவர் கைக்கு 13,087 வரும். போனஸ், விடுப்புச் சம்பளம் எல்லாம் இதற்கு மேல்.

இப்போது ஒரு போட்டி ஏஜென்சி, 'அதே ஆளை வரி நீங்கலாக 16,500க்குத் தருகிறேன்' என்று சொன்னால் எப்படி முடியும்? சம்பளமும் சட்டப்படி கட்டவேண்டியதுமே 17,438 ஆகிறதே! குறைகிற பணம் எங்கிருந்தோ வரத்தான் வேண்டும். பி.எஃப். கட்டாமல் விடுவது, ஓவர்டைமைக் கணக்கில் காட்டாதது, சம்பளத்தில் பிடித்தம் செய்வது என்று அது கடைசியில் தொழிலாளியின் பையிலிருந்துதான் வரும். ஆளை மலிவாக விற்பவன் விற்பது ஆளின் பி.எஃப். பணத்தை. வாடிக்கையாளரிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுவதும் எங்கள் விற்பனையின் ஒரு பகுதிதான்.

நரசாபுரம் சொன்ன பாடம்

இது வெறும் பேச்சல்ல. எங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத கோலார் மாவட்டம் நரசாபுரத்தில், ஆப்பிள் ஐபோன்களைத் தயாரித்துவந்த விஸ்ட்ரான் தொழிற்சாலையில் 2020 டிசம்பர் 12ஆம் தேதி விடியற்காலை இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின, வாகனங்கள் கவிழ்ந்தன. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் பல ஒப்பந்த ஏஜென்சிகள் மூலம் வந்தவர்கள். சொன்ன சம்பளம் வரவில்லை, நேரக் கணக்கு சரியில்லை என்பது அவர்கள் குறை. கர்நாடகத் தொழிற்சாலைத் துறையின் ஆய்வும் குறைகளைச் சுட்டிக்காட்டியது. சிலருக்குச் சரியாகவும் உரிய காலத்திலும் சம்பளம் போகவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, இந்தியப் பிரிவைக் கவனித்துவந்த துணைத் தலைவரை நீக்கியது. குறைகள் சரியாகும்வரை புதிய ஆர்டர் இல்லை என்று ஆப்பிள் அறிவித்தது. 2023இல் அந்தத் தொழிற்சாலை டாடா குழுமத்தின் கைக்கு மாறியது.

பொருள்களை உடைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் 'தலை'களாக ஆள் கொடுத்தபோது, சேரும் அன்று சொன்ன சம்பளத்துக்கும் மாதக் கடைசியில் வந்த சம்பளத்துக்கும் யார் பொறுப்பு என்பது காணாமல் போய்விட்டது. சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளி தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. எனவே ஏஜென்சி எங்கோ, கம்பெனி எங்கோ என்று இருவரும் கைவிரிக்க இடமில்லை.

நம் குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

இனி, வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்.

1. பயோடேட்டாவில் செய்த வேலையை எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். எத்தனை பில், எத்தனை வாகனம், எந்த இயந்திரம், எத்தனை பேரை மேற்பார்த்தார் என்று. தெரிந்த மொழிகளை முதல் பத்தியிலேயே போடுங்கள். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இயல்பாக வாய்த்த சொத்து அது.

2. ஏஜென்சியிடம், "எந்தெந்தக் கம்பெனிக்கு என்னுடைய விவரம் போகப்போகிறது?" என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல் அனுப்ப வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எங்கெங்கே போயிற்று என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

3. அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம். காட்டிவிட்டு, நகல் கொடுத்துவிட்டு, அசலைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

4. உள்ளூர் வேலைக்குப் 'பதிவுக் கட்டணம்', 'பயிற்சிக் கட்டணம்' என்று முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து நடையைக் கட்டுங்கள்.

5. ஒப்பந்த வேலையில் சேர்ந்தால் பி.எஃப். கணக்கு எண்ணை முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். சேவைக் கட்டணம் வாங்கும் எங்களைப் போன்றவர்கள் அதைச் சொல்லித்தர வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

6. வெளிநாட்டு வேலை என்றால் விதி வேறு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என்று வரம்பு உண்டு. லட்சக்கணக்கில் கேட்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், ரசீது தராமல் கேட்டாலும், பணம் கொடுக்காதீர்கள்.

7. உங்களைப் பற்றிய உண்மையை ஏஜென்சியிடம் மறைக்காதீர்கள். இடைவெளி இருந்தால் இருந்தது என்று சொல்லுங்கள். இரவு வேலை முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். தெரிந்தால்தான் அதற்கேற்ற கதவைத் தட்ட முடியும்.

தொடக்கத்தில் சொன்ன பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். மூன்று மாதமாக உங்கள் மகனுடைய பயோடேட்டா எங்கள் அலுவலகத்தில் சும்மா கிடக்கிறது என்றால், எங்களை விரட்டுங்கள். கூடவே அவரையும் ஒரு நாள் அனுப்பி வையுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசவேண்டும். என்னென்ன செய்தார், எது நன்றாக வரும், எந்த ரயிலைப் பிடிக்கவேண்டும் என்று அவர் வாயாலேயே கேட்டால், எந்தக் கதவைத் தட்டுவது என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

நம் சங்க உறுப்பினர்களில் பலர் நிறுவனங்களில் பொறுப்பான பதவிகளில் இருக்கிறீர்கள். உங்கள் பிரிவில் ஆள் குறைந்தால், முதலில் நம் சங்க அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். ஊரிலிருந்து ரயிலேறி வரும் பிள்ளைகளில் ஒருவருக்கு அது உதவட்டும்.